முப்பத்தொரு அப்பாக்கள்

சிட்டிபாபு இதுவரை முப்பத்தொரு அப்பாக்களுக்குக் கொள்ளி வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவர்கூட அவருடைய அப்பா இல்லை. சொந்த அப்பா, அவர் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டை விட்டு ஓடிப்போனவர். இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. அந்த வகையில் இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம்.

வேலைக்குப் பெயர் மேசை. 'அருகில்' கம்பெனியின் தாள்களில் அப்படித்தான் எழுதியிருக்கும்: மேசை எண் பதினான்கு, ஆண், நாற்பத்தாறு வயது, மொட்டை போடச் சம்மதம். முன்பெல்லாம் வீட்டில் உட்கார்ந்தபடி ஆபீஸ் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே திறந்து வேலை பார்த்தார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் இப்போது ஆள். டல்லாஸில் இருக்கும் மகன் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்வான். மறு நொடி புளியந்தோப்பு சிட்டிபாபுவின் உடம்புக்குள் உட்கார்ந்து, சிட்டிபாபுவின் தோளில் மண்குடத்தைத் தூக்கி, சிட்டிபாபுவின் காலால் மூன்று சுற்று வருவான். சிட்டிபாபு அந்த நேரம் தன் தலைக்குள்ளேயே கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். புரோகிதர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு, மந்திரத்தைச் சொல்கிறவன் மகன்தானே என்று ஒரு சமாதானம் கண்டுபிடித்தார்கள். புரோகிதர்களுக்குச் சமாதானம் கிடைக்காத விஷயம் உலகத்தில் இன்னும் வரவில்லை.

நினைத்தவன் நினைத்த உடம்புக்குள் நேராகப் போய்விட முடியாது. எவன் எந்த உடம்பில் எந்த நேரத்தில் இருந்தான் என்பது பதிவாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனவே எல்லோரும் ஒரே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். ஆளைச் சரிபார்த்து, அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, சரியான மேசைக்கு அனுப்பி வைக்கிற வாசல். சிறுசேரியில் நான்காவது மாடியில் அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவன் வேம்புலி. முப்பத்து மூன்று வயது. பொறியியல் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டவன். முன்பு கால் சென்டரில் நான்கு வருஷம் நைட் ஷிப்ட் பார்த்ததில் உலகத்தின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது. சாவுகளைப் பகலில்தான் எடுக்கிறார்கள் என்பதால் இந்த வேலையில் அவனுக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது.

ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு சடங்கு இலவசம். வேம்புலி தன்னுடையதைப் போன ஐப்பசியிலேயே பயன்படுத்திக்கொண்டான். அப்பா வியாசர்பாடியில் செத்துப்போனார்; அவன் சிறுசேரியில் இருந்தான். நடுவில் நாற்பது கிலோமீட்டர். அன்றைக்குப் பார்த்து ஷிப்டில் இரண்டு பேர் வரவில்லை. மூன்றாம் எண் அறைக்குள் போய்ப் பட்டையைக் கட்டிக்கொண்டு காரியத்தை முடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் சீட்டுக்குத் திரும்பிவிட்டான். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் கோப்பை அவனுக்குத்தான். அப்பாவின் பால் பூத்தை இப்போது ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் அம்மா மட்டும் அவனோடு சரியாகப் பேசுவதில்லை. "உனுக்கு நெஞ்சுல இன்னாடா கீது, செங்கல்லா?" என்று ஒரு முறை கேட்டாள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சிட்டிபாபு நேராக நான்காவது மாடிக்கே வந்துவிட்டார். மேசைகள் ஆபீசுக்கு வரக்கூடாது என்று விதி. மொட்டைத் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வேம்புலியின் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், எனுக்குள்ள எத்தினி பேரு கீறாங்கன்னு பார்த்து சொல்லு."

"ஒருத்தரும் இல்லைண்ணா. உங்களுக்கு இன்னைக்கு சாவே இல்லை."

"சாவு இல்லாதப்பவும் கீறாங்க. அதான் கேக்குறேன்."

விஷயம் இதுதான். சிட்டிபாபுவுக்கு ஒரே மகள், தாரிகா. அவளுக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. பையன் வீட்டுக்கும் அவளைப் பிடித்திருந்தது. போன வாரம் பூ வைக்க வந்தார்கள். பையனின் அப்பா ஏகாம்பரம் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தலை. சாப்பிட்டுவிட்டு, மூக்கில் மிளகு ரசம் ஏறிய களைப்பில் சோபாவில் சாய்ந்து, கையை நெஞ்சின் மேல் வைத்துக் கண்ணை மூடினார்.

"அவ்ளோதான் சார். 'அப்பா! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே'ன்னு அவரு காலைக் கட்டிக்கினு உழுந்துட்டேன். நானா உழுவுறேன்? எவனோ உழுவுறான். அவன் முடிக்கிறதுக்குள்ள இன்னொருத்தன் ஆரம்பிக்கிறான். ஒருத்தன் இங்கிலீஷ்ல அழுவுறான் சார். எனுக்கு இங்கிலீஷே வராது."

வேம்புலி சிரித்துவிட்டான்.

"சிரிக்காத சார். இன்னும் கீது. தட்டுல அட்சதை வச்சிருந்தாங்க. அதை ஒரு பிடி எடுத்து அவரு வாய்ல போட்டுட்டேன்."

"வாய்க்கரிசியா?"

"கைப் பழக்கம் சார். முப்பத்தோரு தபா போட்ட கை. அவரு புரை ஏறி எழுந்து உக்காந்துட்டாரு. ஊட்ல இருந்த பொம்பளைங்க எல்லாம் ஓ-ன்னு கத்துறாங்க."

சம்பந்தம் அன்றே முறிந்திருக்க வேண்டும். பையன் பிடிவாதம் பிடித்ததால் ஏகாம்பரம் ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அன்றைக்குப் பெண்ணின் அப்பன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தாலும் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தாரிகா அப்பாவோடு பேசுவதை நிறுத்தி ஆறு நாள் ஆகியிருந்தது.

வேம்புலி திரையைத் திறந்தான். மேசை எண் பதினான்கு. கீழே வரிசையாகப் பெயர்கள். மூன்று பெயர் டல்லாஸ், இரண்டு சிட்னி, ஒன்று டொரோண்டோ, ஒன்று அபுதாபி. ஏழின் பக்கத்திலும் ஒரே வாசகம்: இணைப்பு துண்டிக்கப்பட்டது, அமர்வு தொடர்கிறது.

"ஏழு பேர் இருக்காங்கண்ணா."

"போனவங்க எப்படி சார் இருப்பாங்க?"

"அவங்க போகல. ஜன்னலை மூடிட்டாங்க, அவ்ளோதான்." வேம்புலி திரையை அவர் பக்கம் திருப்பினான். "இங்க பாருங்க. இந்த மூலையில ஒரு இன்டு மார்க் இருக்கா? கீழ 'வெளியேறு'ன்னு ஒரு பட்டன் இருக்கா? வெளியேறு அமுத்தினா, உங்களுக்குள்ள அவன் பட்டது, நெனச்சது, அழுதது எல்லாத்தையும் மூட்டை கட்டி அவன்கிட்டயே அனுப்பிடும். இன்டு போட்டா அவனுக்குத் தெரியுற படம் மட்டும்தான் அணையும். சரக்கு எல்லாம் இங்கதான் கிடக்கும், ஓடிக்கிட்டே."

"அப்போ அழுகை எனுக்கு. அவனுக்கு?"

"அவனுக்கு வீடியோ பார்த்த மாதிரி."

சிட்டிபாபு திரைக்கு அருகே குனிந்தார். "மின்ன இப்படி இல்லியே சார். மொத இருபது, இருபத்தி மூணு பேரு கிளீனா எழுந்து போனாங்க. ஊட்டுக்குப் போய் நல்லாத் தூங்குவேன். இப்பதான். ஒருத்தன் லிஃப்ட்ல ஏறுனா நடுங்குறான். ஒருத்தன் விடிகாலைல மூணரைக்கு எழுப்பி, வண்டி வந்துச்சு, வண்டி வந்துச்சுங்குறான். என் பொண்டாட்டி என்னை ஒரு மாதிரி பாக்குறா."

"நான் பேசிப் பார்க்கிறேன்."

"சனிக்கெழமைக்குள்ள சார். எனுக்கு வேற பொண்ணு இல்லை."

*

மேனேஜர் ஜெயசீலி மேடம் நல்லவர். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் வாழ்த்து மடல் அனுப்புவார். யாருக்கும் லீவு மட்டும் கொடுக்கமாட்டார். வேம்புலி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம பக்கத்துல இருந்து வெட்டி விட முடியாதா மேடம்?"

"முடியும். ஆனா வெட்டினா அமர்வு அழிஞ்சு போயிடும். அது கஸ்டமரோட உடைமை. அவங்க அனுமதி இல்லாம அழிச்சா கோர்ட்டுக்குப் போவாங்க."

"அப்போ இன்டு மார்க்கையே எடுத்துடலாமே. வெளியேறு மட்டும் இருக்கட்டும்."

ஜெயசீலி மேடம் அவனை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வேம்புலி, போன வருஷம் நமக்கு எத்தனை ஸ்டார்? மூணே கால். இப்போ? நாலே முக்கால். எதனாலன்னு நினைக்கிற? ஏதோ வாட்ஸப் குரூப்பாம், வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்குன்னு. அதுல ஒருத்தர் எழுதியிருக்கார்: வெளியேறாதீங்க, இன்டு போடுங்க, மனசு லேசா இருக்கும்னு. அதுல இருந்து ஒருத்தர்கூட வெளியேறுறது இல்லை. நீ அதைக் கோளாறுங்கிற. அதுதாம்பா நாம விக்கிற சரக்கு."

"மேசைகளுக்கு என்ன ஆகும்?"

"ஒரு தலைக்கு எட்டு இருக்கை. எட்டு ரொம்பினா வேற மேசை எடுப்போம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுவும் இல்லாம, இந்த யோசனையை மொதல்ல சொன்னதே நம்ம சப்போர்ட்ல யாரோதானாம். யாருன்னு தெரிஞ்சா அவனுக்கு ஒரு கப் குடுத்து கௌரவிக்கணும்."

வேம்புலி மரியாதைக்குச் சிரித்துவிட்டு வந்தான்.

அடுத்த இரண்டு நாள் ஏழு பேரையும் கூப்பிட்டுப் பார்த்தான். இரண்டே நிமிடம் உள்ளே வந்து முறையாக வெளியேறும்படி கேட்டான். சிட்னிக்காரர் ஒருவர், அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது, நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டி வந்துவிட்டோம் என்றார். எப்படித் தாண்டினார் என்பது வேம்புலியின் திரையில் எழுதியிருந்தது. அபுதாபிக்காரர், அந்த ஆளுக்கு வேண்டுமானால் ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்துவிடுங்கள் என்றார். டல்லாஸ் முரளீதரன் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"உள்ள வந்தா... எந்த இடத்துல திறக்கும்?"

"நீங்க விட்ட இடத்துல சார்."

"நான் விட்டது, மயானத்துல அந்த இரும்புக் கதவு மூடுற இடத்துல."

"அங்கதான் சார் திறக்கும்."

"இந்த வாரம் எனக்கு ஆபீஸ்ல ஒரு ரிவ்யூ இருக்கு. அடுத்த மாசம் பார்க்கலாம்." வைத்துவிட்டார்.

வேம்புலிக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குக் கொஞ்ச மாதமாகவே எதற்கும் கோபம் வருவதில்லை. ஆனால் ஒன்பது வருஷம் ஹெட்செட் மாட்டியவனுக்கு மனித குலத்தைப் பற்றி ஒரு விஷயம் தெரியும்: அப்பாவுக்காக வராதவன் எதற்காக வருவான் என்பது.

வியாழக்கிழமை காலை சிட்டிபாபுவைக் கூப்பிட்டு, பார்வையாளர் அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். ஏழு பேருக்கும் ஒரே செய்தி போனது: 'தங்கள் தந்தையின் சொத்து குறித்த வாரிசு ஒப்புதல் நிலுவையில் உள்ளது. இறுதிச் சடங்கு செய்த அதே மேசையின் கைரேகையுடன், இன்றே தாங்கள் நேரில் இணைந்து ஒப்புதல் தர வேண்டும். முறையாக வெளியேறினால் மட்டுமே ஒப்புதல் பதிவாகும்.' பிறகு சப்போர்ட் அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த ஏழு ஜன்னல்களில் இருந்தும் பெருக்கல் குறியை மறைத்தான்.

முதல் ஆள் நான்காவது நிமிடம் வந்தார். டொரோண்டோ. அங்கே நடுச்சாமம்.

சிட்டிபாபுவின் முகம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. "எங்க சைன் பண்ணணும்?" என்றது வாய். அதற்குள் விட்ட இடம் திறந்திருக்க வேண்டும். கைகள் இல்லாத ஒரு பாடையைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் காற்றில் நின்றன. கன்னம் இரண்டும் ஆடின. நாற்பது நொடியில் அவர் வெளியேறு பட்டனை அழுத்தினார். சிட்டிபாபுவின் தோள் ஒரு சுமை இறங்கியதுபோல் தளர்ந்தது.

"ஒருத்தன் போயிட்டான் சார்," என்றார். "லிஃப்ட்காரன்."

மதியத்துக்குள் ஐந்து பேர் வந்து போனார்கள். சிட்னிக்காரர் வலி தாங்காமல் பட்டையைப் பிய்த்து எறிந்தார், பதிவாகாமல் போய்விடுமோ என்று திரும்ப வந்தார், மறுபடி பிய்த்தார். மூன்றாவது தடவை வந்தபோது அவருக்குச் சொத்து ஞாபகமே இல்லை. "அம்மாகிட்ட நான் ஏன் பேசல?" என்று சிட்டிபாபுவின் வாயால் வேம்புலியைக் கேட்டார். வேம்புலி, "கீழே வலது பக்கம் பட்டன் இருக்கு சார்," என்றான்.

முரளீதரன் கடைசியாக வந்தார். வெளியேறிய பத்து நிமிடத்தில் போன் செய்தார். குரல் கரகரத்திருந்தது.

"சொத்து எதுவும் இல்லைல்ல?"

"இல்லை சார்."

அவர் திட்டவில்லை. "எங்க அப்பா கால்ல நகம் இவ்ளோ நீளமா இருந்துது. அன்னைக்கே பார்த்தேன். யாருமே வெட்டி விடலையா அவருக்கு?" என்றார். வேம்புலி பழக்க தோஷத்தில், மன்னிக்கவும் சார், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். அவர் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஏழு மதிப்புரைகள் வந்தன. ஏழும் ஒற்றை ஸ்டார். 'மனம் கனக்கிறது. யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்' என்று எழுதியிருந்தார் அபுதாபிக்காரர். திங்கட்கிழமை முதல் வேம்புலி வேலைக்கு வர வேண்டியதில்லை என்று ஜெயசீலி மேடம் ஒரு மடல் அனுப்பினார். மடலின் கீழே பூங்கொத்துப் படம் போட்டு, உங்கள் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள் என்று இருந்தது.

*

சனிக்கிழமை காலை அவன் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது சிட்டிபாபு மறுபடி வந்தார். கையில் தாம்பாளம் வாங்கிய துணிப்பை.

"ஏழு பேரும் போயிட்டாங்க சார். உனுக்குக் கோடி புண்ணியம். ஆனா இன்னும் ஒருத்தன் கீறான்."

"இல்லைண்ணா. பட்டியல் காலி."

"கீறான்னு சொல்றேன்ல? அந்த மூணரை மணிக்காரன். நான் அவனை நான்தான்னு நெனச்சுகினு இருந்தேன் சார். மத்தவன்லாம் அப்பா, டாடின்னு அழுவுவான். இவன் மட்டும்தான் நைனாங்குறான். எங்க பேட்டைப் பேச்சு. சரி, நம்ம அழுகைதான் போலன்னு உட்டுட்டேன். நேத்துதான் யோசிச்சேன். ஓடிப்போன ஆளுக்கு நான் இன்னாத்துக்கு சார் நைனான்னு அழுவணும்? அவன் மூஞ்சியே எனுக்குத் தெரியாது."

வேம்புலி இழுப்பறையை மூடினான்.

"சத்தம் போட மாட்டான் சார் இவன். பால் பாக்கெட்டை மூலையில கத்தரிச்சா போதும், நெஞ்சை அடைக்கும். நாளைக்கு அம்பது பேருக்குக் காபி போடணும். பதினஞ்சு பாக்கெட்டு."

வெளியிலிருந்து வந்த இணைப்புகளுக்கு ஒரு பட்டியல், வாசலுக்கு உள்ளிருந்தே தொடங்கிய இணைப்புகளுக்கு இன்னொரு பட்டியல். இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை. ஊழியர்கள் சோதனைக்குப் பயன்படுத்துவது. வேம்புலி அதைத் திறந்தான். மேசை எண் பதினான்கில் ஒரே ஒரு வரி இருந்தது. ஐப்பசி மாதத் தேதி. இடம்: அறை மூன்று. ஊழியர் எண்ணைப் படிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அது அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது.

அன்றைக்கு மேசை எண் என்ன என்று அவன் பார்க்கவே இல்லை. எது காலியோ அது. இருநூறு பேருக்கு வெளியேறும் முறையைச் சொல்லிக் கொடுத்தவன், போன் அடித்தது என்று பெருக்கல் குறியைத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறான். அந்தப் போன்கூட ஞாபகம் வந்தது. சிட்னியிலிருந்து ஒரு மகன், எப்படி சார் மூடுவது என்று கேட்டான். சும்மா இன்டு போடுங்க சார், நானும் இப்பதான் போட்டேன், லேசா இருக்கு என்று வேம்புலி சொன்னான். உண்மையாகவே லேசாக இருந்தது. கோப்பை கொடுத்தார்கள்.

"யாரு சார் அது?" என்றார் சிட்டிபாபு.

"நம்ம ஸ்டாஃப் ஒருத்தன்."

"அவனையும் வரச் சொல்லு. எந்த நாட்ல கீறான்?"

"பக்கத்துலதான்."

ஊழியர் அமர்வு என்பதால் கூடுதலாக ஒரு பட்டன் இருந்தது: அழி. சொந்தக்காரனே அழிக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம், திரும்பப் போய் உட்கார வேண்டாம். சிட்டிபாபுவுக்கும் விடுதலை, சொந்தக்காரனுக்கும் விடுதலை. ஒரு தட்டு. வேம்புலி மவுஸ் அம்பைக் கொண்டுபோய் அதன் மேல் நிறுத்தினான். சிட்னிக்காரனும் அபுதாபிக்காரனும் கேள்விப்பட்டால் பொறாமைப்படும் வசதி அது. அவர்களை ஏமாற்றி உள்ளே இழுத்துவந்து அழவைத்தவன் தனக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"இன்னா சார் யோசனை? எதுவா இருந்தாலும் சட்டுனு முடி. பாக்கு, மஞ்சள் எல்லாம் இனிமேதான் வாங்கணும்."

"அண்ணா, அன்னைக்கு அந்தப் பெரியவரைப் பார்த்தீங்கல்ல. மூஞ்சி எப்படி இருந்துது?"

"எந்தப் பெரியவரு? எனுக்கு முப்பத்தோரு பெரியவரு."

"பால் பூத்துக்காரர்."

சிட்டிபாபு மொட்டைத் தலையைத் தடவினார். "ஆங். அவரு கட்டை விரல்ல ரப்பர் பேண்டு சுத்தியிருந்துது சார். யாரும் கழட்டல. பாக்கெட்டுக்குப் போடுற பேண்டு போல. உன் ஆளு அதைக் கழட்டலாமா வேணாமான்னு ரொம்ப நேரம் கையைப் பிடிச்சுகினே நின்னான். அய்யரு திட்டினாரு, லேட் ஆவுதுன்னு."

வேம்புலி அறை மூன்றுக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டான்.

பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தபோது முகம் எப்போதும்போலத்தான் இருந்தது. சிட்டிபாபு தன் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், காலியான டப்பாவைச் சோதிப்பதுபோல்.

"போயிட்டான் சார்! கழட்டிட்டுப் போயிட்டான்!" என்றார். அப்புறம் அவனை உற்றுப் பார்த்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வா சார். பிரியாணி இல்லை. வடை பாயசம்தான். ஆனா வா," என்றார்.

*

நிச்சயதார்த்தம் புளியந்தோப்பில், மாடியில் போட்ட பந்தலில் நடந்தது. சிட்டிபாபு தலையில் ஜரிகைத் துண்டைக் கட்டி மொட்டையை மறைத்திருந்தார். ஏகாம்பரம் அவரிடமிருந்து மூன்று நாற்காலி தள்ளியே உட்கார்ந்தார். அட்சதைத் தட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். தட்டு மாற்றினார்கள். தாரிகா அப்பாவின் காலில் விழுந்தாள். பந்தல் மொத்தமும் சிட்டிபாபுவின் கண்ணையே பார்த்தது.

பளிச்சென்று, காய்ந்துபோய் இருந்தன கண்கள். "நல்லா இரு. போ, போய்ச் சாப்பிடு," என்றார்.

பெண்கள் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பையனின் அத்தை பக்கத்திலிருந்தவளிடம், "ஒத்தைப் பொண்ணு. பெத்தவன் கண்ணுல ஒரு சொட்டு தண்ணி வர்ல பாரு. கல்லு மனசு," என்றாள்.

வேம்புலி கடைசி வரிசையில் உட்கார்ந்து பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தான். காலையில் மூன்றரைக்கே விழிப்பு வந்துவிட்டது. பூத்துக்குப் போய், வண்டியிலிருந்து பால் டிரேக்களை இறக்கி அடுக்கிவிட்டு வந்திருந்தான். அம்மா ஒரு டீயை மட்டும் பக்கத்தில் வைத்தாள். அதுவரை எல்லாம் கட்டுக்குள்தான் இருந்தது. மனித குலத்தைப் பற்றிய அவனுடைய அபிப்பிராயமும் அப்படியேதான் இருந்தது.

சாப்பாடு முடிந்து ஏகாம்பரம் பந்தலின் ஓரத்துக்குக் காற்று வாங்க வந்தார். வேம்புலிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார். பாக்குப் பொட்டலத்தைப் பிரித்து, அதைச் சுற்றியிருந்த ரப்பர் பேண்டை வீணாக்க மனமில்லாமல் கட்டை விரலில் மாட்டிக்கொண்டார். கையை நெஞ்சின் மேல் வைத்து, கண்ணை மூடினார்.

பாயச டம்ளர் கீழே விழுந்தது. "நைனா," என்றது ஒரு குரல். முதலில் மெதுவாக. அப்புறம் மாடி முழுவதும் கேட்கிற மாதிரி.

ஏகாம்பரம் பதறி எழுந்து, முதல் வேலையாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிட்டிபாபு இருந்த பக்கம் திரும்பினார். "யோவ் சம்பந்தி! மறுபடியுமா? யாருய்யா இவன்? இவனும் உங்க மேசையா?"

சிட்டிபாபு ஓடிவந்து பார்த்தார். நாற்காலியில் குனிந்து, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையிலிருந்த ஜரிகைத் துண்டை அவிழ்த்து அவன் மடியில் போட்டார்.

"மேசை இல்லை சம்பந்தி," என்றார். "உடுங்க, அழட்டும். அது அவரு சொந்த அழுகை."